பொட்டாசியம் வாயிலைத் திறக்கும் மருந்து இதய செல்லை எப்படிக் காக்கிறது?

இதய செல்லின் மேலுறையில் பொட்டாசியம் போய்வர நுண்ணிய புரத வாயில்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை, செல்லின் எரிபொருளான ஏடிபி போதுமான அளவு இருக்கும்வரை மூடியே இருக்கும். ஏடிபி தீரத் தொடங்கினால் திறக்கும். ஜப்பானிய ஆய்வாளர் அகினோரி நோமா 1983இல் இதை இதய செல்களில் கண்டறிந்தார்.

சரி, திறந்தால் என்ன நன்மை? ரத்த ஓட்டம் தடைபடும்போது செல்லுக்கு ஆபத்து பட்டினி மட்டுமல்ல, அந்தப் பட்டினியிலும் ஓயாமல் உழைப்பதும்தான். பொட்டாசியம் வெளியேறினால் ஒவ்வொரு துடிப்புக்குமான மின் அலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதனால் உள்ளே வரும் கால்சியம் குறைகிறது, சுருங்கும் விசை தணிகிறது, ஏடிபி மிச்சமாகிறது. கால்சியம் அளவுமீறிச் சேர்ந்தால் செல்லே இறந்துபோகும் என்பதால் இது உண்மையிலேயே பெரிய விஷயம்.

சார்ஜ் குறைந்ததும் திரையை மங்கலாக்கித் தாக்குப்பிடிக்கும் செல்போனை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாயிலைத் திறக்கும் நிக்கோராண்டில் (இதய நெஞ்சுவலிக்குத் தரப்படுவது) போன்ற மருந்துகள் அந்த மின்சேமிப்பு நிலை எளிதில் தொடங்க உதவுகின்றன. அப்புறம், நிக்கோராண்டில் ரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது.

பொட்டாசியம் மாத்திரை சாப்பிட்டாலும் இதே பலன்தான் என்று தோன்றலாம். அப்படியில்லை, இந்த மருந்து பொட்டாசியத்தைத் தருவதில்லை, அது வெளியேறும் கதவைத்தான் திறக்கிறது.