ஜெட்டில் கை வைக்கும் முன்: டூ-ஸ்ட்ரோக் ஏடிவி கேள்வி பதில்

கேள்வி: என் வண்டி யமஹா பிளாஸ்டர், 195 சிசி டூ-ஸ்ட்ரோக் ஏடிவி (காட்டுப் பாதைக்கான நான்கு சக்கர வண்டி). போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), புது பிஸ்டன் மாட்டி ஓட்ட ஆரம்பித்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது இன்ஜின் சீஸ் ஆகி (பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு) நின்றுவிட்டது. மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை உள்ள திருகு) பெரிதாக்கிவிட்டு மறுபடி போர் போடலாம் என்கிறார் மெக்கானிக். ஒரு விஷயம், சீஸ் ஆவதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதுதான் முழுக் காரணமும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் தொங்குகிறது என்றால், கார்புரேட்டர் வழியாக வராத காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே போகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு, பிறகுதான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் கிராங்க் கேஸில் எங்கே சின்ன ஓட்டை இருந்தாலும், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் அது வெளிக்காற்றை இழுக்கும். காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, அதோடு ஆயிலும் குறைந்து, முழு லோடில் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஜெட்டைப் பெரிதாக்கினால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஜெட் அப்படியேதான் இருக்கும்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் பூட் (விரலால் மடக்கிப் பாருங்கள், வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் மடிப்புக்குள் வெடித்திருக்கும்), ரீட் பிளாக் (கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் இதழ் வால்வு) கேஸ்கெட், சிலிண்டர் அடிக் கேஸ்கெட், அப்புறம் மேக்னட் (கரண்ட் உண்டாக்கும் சக்கரம்) பக்கத்து கிராங்க் ஆயில் சீல். போர் போடும்போது பலரும் மேல் பாதியை மட்டும் புதுசாக்கிவிட்டுக் கீழே இருக்கும் பழைய சீலை அப்படியே விட்டுவிடுவார்கள், உங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டரில் ஆயில் பம்ப் தனியாக உண்டு. அதைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் பம்ப் இருந்த இடத்துக்குப் பிளேட் போடுவார்கள், ஆனால் ஆயில் குழாய் வந்து சேர்ந்த அந்தச் சின்ன மூக்கை அடைக்க மறந்துவிடுவார்கள். அதுவும் காற்று ஓட்டைதான்.

கண்டுபிடிக்கும் வழி: எக்ஸாஸ்ட், இன்டேக் இரண்டையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடி, பிளக் ஓட்டை வழியாகச் சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். கை பம்ப் போதும். கம்ப்ரசரை நேராக வைக்கவே வேண்டாம், நல்ல சீலையும் பிதுக்கித் தள்ளிவிடும். கேஜ் முள் ஐந்தாறு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வாருங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். மேக்னட்டைக் கழற்றிவிட்டு சீல் ஓரத்தில் தடவுங்கள், இல்லாவிட்டால் தெரியாது. எங்கும் நுரை வரவில்லை, ஆனால் காற்று இறங்குகிறது என்றால், கியர் பாக்ஸ் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே காற்று வருகிறதா பாருங்கள். வந்தால் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது.

இந்தச் சோதனை முடியாமல் புது பிஸ்டன் வாங்காதீர்கள். கழற்றிய பிஸ்டனைத் தூக்கியும் போடாதீர்கள், அதில் எல்லாமே எழுதியிருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் சூடு, பெட்ரோல் குறைவு. நான்கு மூலையிலும் செங்குத்தாக நான்கு கோடு விழுந்திருந்தால் இன்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறீர்கள், அல்லது போர் இறுக்கமாகப் போட்டுவிட்டார்கள். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது, இல்லை டெட்டனேஷன் (கலவை கட்டுக்கடங்காமல் வெடிப்பது). இன்டேக் பக்கத்துப் பாவாடை (பிஸ்டனின் கீழ்ப் பகுதி) மட்டும் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

கேள்வி: பெட்ரோலில் ஆயிலை 32-க்கு 1 கலக்கச் சொல்லி ஒருவர், 40-க்கு 1 போதும் என்று இன்னொருவர். நான் பாதுகாப்புக்கு 20-க்கு 1 ஊற்றுகிறேன். ஆயில் கூடினால் கலவை ரிச் ஆகிவிடும் என்பதால் இன்ஜினுக்கு நல்லதுதானே?

பதில்: ரிச், லீன் என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு (பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன்), ஆயிலுக்கு அதில் இடமே இல்லை. ஜெட் ஓட்டையின் அளவு மாறாது. அதன் வழியாகப் போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், அதனால் ஆயிலைக் கூட்டினால் கலவை கொஞ்சம் லீன்தான் ஆகும். 32-க்கு 1 என்றால் நூற்றுக்கு 97 பங்கு பெட்ரோல், 20-க்கு 1 என்றால் 95. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் ஜெட்டுக்கு அந்த இரண்டு பங்கும் கணக்குத்தான். பிளக்கும் எக்ஸாஸ்டும் ஆயில் குடித்துப் பிசுபிசுப்பது தனிக்கதை.

32-க்கு 1 என்பது லிட்டருக்கு 31 மில்லி, 40-க்கு 1 என்பது 25 மில்லி. நல்ல டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலில் இரண்டில் எதுவும் காட்டுப் பாதைக்குப் போதும். வண்டிப் புத்தகம் ஒரு அளவு சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமானது அளவு அல்ல, மாறாமல் இருப்பதுதான். ஒரு அளவை வைத்து ஜெட் செட் செய்த பிறகு அளவை மாற்றினால், ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். அளக்கும் குப்பி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து மூடிக் கணக்கு வேண்டாம். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைத்து மறுபடி ஊற்றாதீர்கள்.

கேள்வி: வீட்டில் நன்றாக ஓடும் வண்டி, மலைப்பாதையில் ஏற ஏற மந்தமாகி, புகைந்து, பிளக்கைக் கருப்பாக்கிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: மேலே போகப் போகக் காற்று இலேசாகும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் காற்றின் அடர்த்தி தோராயமாக 3 சதவீதம் குறையும். பெட்ரோல் அதே அளவு வருவதால் கலவை ரிச் ஆகிறது. மெயின் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாக்குங்கள், போதவில்லை என்றால் இன்னொரு நம்பர். பலம் முழுதாகத் திரும்பாது, ஏனென்றால் அங்கே காற்றே குறைவு. அதற்காக மேலும் மேலும் ஜெட்டைக் குறைக்காதீர்கள்.

ஆனால் எனக்குக் கவலை ஏற்றத்தில் இல்லை, திரும்பி வருவதில். மலையில் மாற்றிய சின்ன ஜெட்டோடு கீழே சமவெளியில் முழு ஆக்சிலேட்டரில் விரட்டினால் பிஸ்டன் போய்விடும். ஏறும்போது ஜெட்டை மாற்றாவிட்டால் புகை மட்டும்தான் வரும், இறங்கிய பிறகு மாற்றாவிட்டால் செலவு வரும். குளிர்காலத்துக்கும் இதே கணக்கு: குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், கோடையில் செட் செய்த ஜெட் அப்போது லீன் ஆகும்.

எந்த ஜெட் எப்போது வேலை செய்கிறது என்று தெரியாமல் எல்லாக் கோளாறுக்கும் மெயின் ஜெட்டையே மாற்றுவதுதான் வழக்கமான தப்பு. ஐடிலிங்கில் இருந்து கால் ஆக்சிலேட்டர் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில் (கார்புரேட்டர் ஊசி). அதற்கு மேலேதான் மெயின். காட்டுப் பாதையில் நீங்கள் முழுதாக முறுக்குவதே அபூர்வம், பாதி நேரம் நீடிலில்தான் ஓடுகிறீர்கள். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், பாதி, முக்கால் என்று கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள், எந்தக் கோட்டில் தடுமாறுகிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. பாதியில் லீன் என்றால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், நீடில் உயரும், பெட்ரோல் கூடும். ஏர் ஸ்க்ரூவை இன்ஜின் சூடான பிறகு திருகி, ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடம் முழுதாக மூடியதிலிருந்து ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் ஜெட் சின்னது, இரண்டரைச் சுற்றையும் தாண்டினால் பெரிது.

மெயின் ஜெட்டைச் சோதிக்கப் புது பிளக் போட்டு, நீண்ட நேர்ப்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் போய், அப்படியே கிளட்சைப் பிடித்துக்கொண்டே இன்ஜினைக் கில் சுவிட்சில் அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐடிலிங்கில் விட்டு மெல்ல ஓட்டி வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பைலட் ஜெட்டின் கதையைத்தான் சொல்லும். பீங்கான் வெளுத்திருந்தால் உடனே ஜெட்டைப் பெரிதாக்குங்கள். சந்தேகம் வந்தால் ரிச் பக்கமே இருங்கள்.

கேள்வி: கியர் பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வெள்ளைப் புகை வேறு.

பதில்: ஒழுகவில்லை, எரிகிறது. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய்விட்டது, இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கிறது. இரண்டு பக்க சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வாட்டர் கூல் வண்டி என்றால் வெள்ளைப் புகைக்கு ஹெட் கேஸ்கெட்டும் காரணமாகலாம், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். ஆயில் ஊற்றும்போது வெட் கிளட்சுக்கு (ஆயிலில் ஊறி ஓடும் கிளட்ச்) ஏற்றதாக வாங்குங்கள். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும், கிளட்ச் வழுக்கும்.

கேள்வி: யமஹா பான்ஷீ 350 வைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரெனக் கரண்ட் போனதுபோல் வெட்டி வெட்டி ஓடுகிறது. பிளக், காயில், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று.

பதில்: டோர்ஸ் என்ற ஏற்பாட்டைப் பார்த்தீர்களா? ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கார்புரேட்டர் ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் பகுதி) திறந்தே மாட்டிக்கொண்டால், கரண்டை வெட்டி வேகத்தைக் குறைக்க யமஹா வைத்த பாதுகாப்பு அது. பிளாஸ்டரிலும் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிள் தளர்ந்தாலோ, அதன் சுவிட்சுகளில் மண் ஏறினாலோ, எதுவும் மாட்டாமலேயே மாட்டியதாக நினைத்து வெட்டும். பார்க்கிங் பிரேக் சுவிட்சும் இதேபோல் வேகத்தை மட்டுப்படுத்தும், அதை முதலில் பாருங்கள். கேபிள் தளர்வைப் புத்தக அளவுக்குச் சரிசெய்து, கனெக்டர்களைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும். பலர் இதை முழுதாகக் கழற்றி எறிகிறார்கள். எறிந்தே ஆவேன் என்றால், விழுந்தால் இன்ஜின் அணையும்படி மணிக்கட்டில் கட்டும் கயிறு சுவிட்சாவது போடுங்கள். கையோடு இரண்டு இன்டேக் பூட்டுக்கும் நடுவே இருக்கும் இணைப்புக் குழாயையும் பார்த்துவிடுங்கள், பான்ஷீயில் காற்று ஓட்டைக்குப் பேர் போன இடம்.

கேள்வி: சேற்றிலும் மரவேர்களிலும் கீழ் வேகத்தில் பிக்கப் இல்லை. போர்ட்டிங் செய்து (சிலிண்டர் வழிகளை வெட்டிப் பெரிதாக்கி) பெரிய எக்ஸாஸ்ட் பைப் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். உயர் வேகத்துக்கு வெட்டிய போர்ட்டும் ரேஸ் பைப்பும் பவரை மேலே தூக்கி வைக்கும், நீங்கள் கேட்பது கீழே. முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள், அது பின்னால் மூன்று பல் கூட்டியதற்குச் சமம், செலவும் குறைவு. வேகம் போதாமல் தவிப்பீர்கள் என்றும் தோன்றவில்லை. அடுத்து ரீட் இதழ்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் உடைந்திருந்தாலோ, மூடிய நிலையிலும் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தாலோ கீழ் வேகப் பிக்கப் அங்கேதான் போகிறது, கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆவதும் சிரமமாக இருக்கும். அப்புறம் கம்ப்ரஷன்: ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு கேஜ் ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். புது பிஸ்டன் போட்ட அன்று வந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால்தான் இன்றைய எண்ணுக்கு அர்த்தம் உண்டு. பைப் மாற்றியே ஆக வேண்டும் என்றால் நடு வேகத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள், மாட்டியதும் ஜெட்டை மறுபடி பாருங்கள். ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றினாலும் அதேதான், காற்று கூடும், ஜெட்டும் கூட வேண்டும்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, கியரிலேயே இறங்குவது சரியா?

பதில்: ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டி என்றால் கவனம். ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் பெட்ரோல் மிகக் கொஞ்சம்தான் வரும், அதனால் ஆயிலும் மிகக் கொஞ்சம்தான் வரும், ஆனால் இன்ஜின் மட்டும் சக்கரத்தால் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவலாமா?

பதில்: கூடாது. ஃபோமை ஒட்டிய பசை விட்டுவிடும், நெருப்பு ஆபத்து வேறு. ஃபில்டர் கிளீனரில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், கிழியும். முழுதாகக் காய்ந்த பிறகு ஃபோம் ஃபில்டர் ஆயிலைத் தடவி ஃபோம் முழுக்க ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள், ஏர் பாக்ஸில் உட்காரும் விளிம்புக்குக் கிரீஸ். தூசியான பாதையில் ஒருநாள் ஓட்டினாலே கழுவ வேண்டியதுதான், அதனால் ஆயில் தடவிய இன்னொரு ஃபில்டரை பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொள்வது வசதி.