வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி: கேள்வி பதில்

கடைகளில் அனிமோன் என்ற பெயரில் விற்கப்படும், பூப்போலத் தோன்றும் கடல் விலங்கான கடல் சாமந்தியைக் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: உப்புநீர்த் தொட்டி அமைத்து ஒரு மாதம் ஆகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டன. இப்போது கடல் சாமந்தியை விடலாமா?

வேண்டாம். அம்மோனியா மறைந்தது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது மீனுக்குப் போதுமான தகுதியே தவிர, கடல் சாமந்திக்குப் போதாது. புதிய தொட்டியில் உப்புத்தன்மை, காரத்தன்மை, நைட்ரேட் ஆகியவை வாரந்தோறும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாறையிலும் மணலிலும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் முழுமையாகக் குடியேறியிருக்கமாட்டா. குறைந்தது ஆறு மாதங்கள், முடிந்தால் ஓராண்டு, தொட்டி தன் போக்கில் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த உயிரினம் இயல்பில் அற்பாயுள் கொண்டதன்று என்பதை நினைவில் வையுங்கள். ஸ்காட்லாந்தின் இயற்கையியலாளர் ஜான் டேலியெல் 1828ஆம் ஆண்டு கடற்கரையில் எடுத்துவந்த ஒரு கடல் சாமந்தி, எடின்பரோவில் ஒரு சாதாரணக் கண்ணாடிக் குடுவையில், அவர் இறந்த பிறகும் பிறருடைய பராமரிப்பில், 1887வரை உயிரோடிருந்தது. அது குளிர்கடல் வகை. ஒளியை நம்பி வாழ்வதன்று. நம் தொட்டிகளில் வாழும் வெப்பமண்டல வகைகளைவிட அதன் தேவைகள் குறைவு. ஆயினும், பம்ப்பும் விளக்கும் இல்லாத காலத்தில் கடல்நீரைத் தவறாமல் மாற்றிவந்த கைகளே அதைக் காப்பாற்றின. நம் வீடுகளில் ஒரு கடல் சாமந்தி சில வாரங்களில் மடிந்தால், அதற்கு வயது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: முதன்முதலாக வாங்குபவருக்கு எந்த வகை ஏற்றது? எங்கள் தொட்டியில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இணை இருக்கிறது.

என்டக்மியா குவாட்ரிகலர் எனப்படும் பபிள் டிப் வகையை வாங்குங்கள். கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் கடல் சாமந்தி இனங்கள் பத்து. அவற்றுள் வீட்டுத் தொட்டிக்கு மிக நன்றாக இணங்குவது இதுவே. இது தானாக இரண்டாகப் பிளந்து பெருகுவதால், கடலிலிருந்து பிடித்த ஒன்றைத் தேடாமல், ஏற்கெனவே ஒருவர் தொட்டியில் பிளந்து வளர்ந்த துண்டைக் கேட்டு வாங்க முடியும். அத்தகைய துண்டு செயற்கை ஒளிக்கும் தொட்டி நீருக்கும் பழகியிருக்கும்.

உங்கள் மீன் இணை ஒசெல்லாரிஸ் இனமாயின், கடலில் அவை பபிள் டிப்பில் வாழ்வதில்லை. ஆனால் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. சில இணைகள் மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காமலும் இருக்கும். தொட்டியில் கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயத் தேவையன்று; ஆகவே மீனுக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்கள் மறுபடி யோசியுங்கள். அழகில் மயங்கி மேக்னிஃபிகா, ஜைஜான்டியா ஆகிய இனங்களை முதல் முயற்சியிலேயே வாங்குவதும் தவறு. அனுபவம் மிக்கவர்களிடமே அவற்றில் பல பிழைப்பதில்லை.

கேள்வி: கடையில் தூய வெண்ணிறமான ஒன்றும், பளிச்சென்ற மஞ்சள் நிறமான ஒன்றும் குறைந்த விலைக்கு இருக்கின்றன. வாங்கலாமா?

இரண்டையும் வாங்காதீர்கள். இவற்றின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவில் பெரும்பகுதி கடல் சாமந்திக்கே போய்ச் சேர்கிறது. உடலின் பழுப்புச் சாயலும் அவற்றாலேயே வருகிறது. வெப்பம், இருட்டு, பயணக் களைப்பு ஆகியவற்றால் அந்தப் பாசிகளை இழந்ததே வெண்ணிறமாகத் தெரிகிறது. அதாவது அது பட்டினியில் இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சளோ இளஞ்சிவப்போ உடல் முழுதும் ஒரே சீராகப் படிந்திருந்தால், வெளுத்துப்போன உடலில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்படுங்கள். வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் இருக்கிறதா, உணர்நீட்சிகள் விரலில் ஒட்டுகின்றனவா என்று பார்த்து வாங்குவதே முறை.

கேள்வி (சென்னையிலிருந்து): கோடையில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தாண்டுகிறது. மின்விசிறி போதுமா?

25 முதல் 27 டிகிரி செல்சியஸ்வரை நல்லது. 30ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பாசிகள் வெளியேறத் தொடங்கும். வெந்நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைகிறது. நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி தணியும். ஆனால் கடலோர நகரத்தின் ஈரக்காற்றில் அந்தப் பயன் சுருங்கிவிடுகிறது. எனவே சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் சில்லர் எனப்படும் நீர் குளிர்விக்கும் கருவியை வாங்க இயலாதவர்கள், தொட்டி இருக்கும் அறையைக் குளிர்விக்கவும் வழியில்லையெனில், கடல் சாமந்தி வளர்ப்பைத் தள்ளிவைப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

விசிறி வைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த நீரை உப்புநீரால் நிரப்பினால் உப்புத்தன்மை நாளுக்கு நாள் ஏறும். ஆகவே சுத்திகரித்த நன்னீரையே, முடிந்தால் தினமும், சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். அதை ரிஃப்ராக்டோமீட்டரால் அளந்து, அக்கருவியையும் 35 பிபிடி திட்டக் கரைசலில் அவ்வப்போது சரிபாருங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து கடல்நீர் எடுத்துவந்து பயன்படுத்தலாமா?

நகரக் கடற்கரை நீரை நான் பரிந்துரைப்பதில்லை. கழிவுநீர் கலக்கிறது, மழைக்காலத்தில் ஆறுகளின் வெள்ளத்தால் உப்புத்தன்மை வெகுவாகக் குறைகிறது. ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடலுப்பைக் கலப்பது செலவாயினும் ஒவ்வொரு முறையும் ஒரே நீர் கிடைக்கும். வாரம் 10 விழுக்காடு மாற்றினால் போதுமானது.

கேள்வி: விட்ட நாளிலிருந்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பிடித்து ஒரு பாறையில் வைக்கலாமா?

கை வைக்காதீர்கள். ஒளியும் நீரோட்டமும் தனக்கு ஒத்த இடத்தை அது தானே தேடுகிறது; பபிள் டிப் வகை, பாதத்தைப் பாறை இடுக்கில் ஒளித்து, உணர்நீட்சிகளை ஒளியில் விரிக்கும். அந்த நடமாட்டத்தில் காத்திருக்கும் பெரிய ஆபத்து, நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பான பவர்ஹெட்தான். உறிஞ்சும் வாயில் சிக்கிய கடல் சாமந்தி நார்நாராகிவிடும். அதன் சிதைவு மற்ற உயிர்களையும் கொல்லும். கடல் சாமந்தி வருவதற்கு முன்னரே எல்லா பம்ப்புகளுக்கும் ஸ்பாஞ்ச் உறை போட்டுவிடுங்கள். பல வாரங்கள் ஆகியும் அலைந்தால், நீரின் அளவுகளையும் விளக்கையும் ஆராயுங்கள். பெயர்த்தே ஆக வேண்டிய நிலையில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டு பாதத்தின் ஓரத்தை மெதுவாக விடுவிக்கலாம். பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது.

கேள்வி: சில நாள்களில் சுருங்கி, பழுப்பு நாராக ஏதோ துப்புகிறது. சாகிறதா?

இல்லை, கழிவை வெளியேற்றுகிறது. சில மணி நேரத்தில் மறுபடி விரிந்தால் கவலை வேண்டாம். வாய் பிளந்தபடியே நிற்பது, நாள்கணக்கில் தளர்ந்து கிடப்பது, உடல் கூழாகிக் கெட்ட வாடை வீசுவது ஆகியவையே ஆபத்தின் அறிகுறிகள். கூழாகத் தொடங்கியதை அப்போதே எடுத்துவிட்டு, நீரில் கால் பங்கை மாற்றி, நீரின் மாசை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள்.

கேள்வி: என்ன உணவு, எத்தனை முறை?

சிறு கடலை அளவு இறால் அல்லது கடல்மீன் துண்டு, வாரம் ஒரு முறை. பெரிய துண்டைத் திணித்தால் செரிக்காமல் கக்கிவிடும்.

கேள்வி: மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருக்கிறது. தாமிர மருந்தை அதே தொட்டியில் ஊற்றலாமா?

ஒருபோதும் கூடாது. தாமிரம் முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. பாறையிலும் மணலிலும் ஊறித் தங்கிப் பின்னரும் கசியும். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருத்துவம் செய்யுங்கள். கடல் சாமந்தியின் மேல் அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி வாழ முடியாது. ஆகவே மூலத் தொட்டியைச் சுமார் பத்து வாரம் மீனின்றி விட்டால் ஒட்டுண்ணி அழிந்துவிடும்.

கேள்வி (இராமநாதபுரத்திலிருந்து): எங்கள் கடலில் இவை இருக்கின்றன. நானே எடுத்து வளர்க்கலாமா?

1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் சூழ்ந்த பகுதியில் எந்த உயிரையும் அனுமதியின்றி எடுப்பது குற்றம். பாறை என்று நினைத்துப் பெயர்ப்பது பவளமாக இருந்தால், அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரும். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அங்கே காணப்படும் செபே இனக் கோமாளி மீன், ஹட்டோனி என்னும் கம்பள வகைக் கடல் சாமந்தியையே தன் வீடாகக் கொண்டது. அதைப் பெயர்த்தால் அந்த மீன் குடும்பம் வேட்டை மீன்களின் முன் நிராதரவாக நிற்கும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பொரிப்பக மீனையும், இன்னொரு வளர்ப்பாளரின் தொட்டியில் பிளந்த பபிள் டிப்பையும் வாங்குங்கள்.