பேரிடரில் தப்பியவரை நடந்ததைச் சொல்லவைத்து அழவைத்தால் மனபாரம் இறங்குமா?

இறங்காது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உடனடியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. அதில் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல்கூட என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

2011இல் வந்த அவர்களின் உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றே வேலை: பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை. முகாமில் ஈரப்புடவையோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் எதையும் தோண்ட வேண்டாம். மாற்றுப்புடவையும் சூடாக ஒரு டீயும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் சரி. அப்புறம், காணாமல்போன மகனைப் பற்றி எங்கே பதிவு செய்ய வேண்டுமோ அந்த மேசைவரை கூடவே நடந்துபோங்கள்.

2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் பல உடல்களை அவசரமாக மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது. கடைசியாக முகம் பார்க்காத, காரியம் செய்யாத துக்கம் லேசில் ஆறாது. படம் வைத்து விளக்கேற்றி ஊரோடு சேர்ந்து அழ இடம் கொடுப்பதும் மனநல உதவிதான் என்பேன்.

பெரும்பாலோர் மெல்லத் தேறிவிடுவார்கள். ஆனால் போர்ப் பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக 2019இல் அதே நிறுவனம் மதிப்பிட்டது. வாரக்கணக்கில் தூங்காதவரை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சாக வேண்டும் என்று பேசுபவரைத் தனியே விடாமல் உடனே கூட்டிப்போங்கள்.

பலரும் மறப்பது, ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களை. மாத்திரையும் மருந்துச்சீட்டும் வெள்ளத்தோடு போயிருக்கும். முகாமுக்கு வந்த முதல் நாளே அதைக் கேட்டுவிடுங்கள்.