மேல் பிரிவுக் கணக்கில் கீழ்ப் பிரிவுக் கொழுந்து: சொக்கெட்டை யார் மூட வேண்டும்?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவங்களில் உள்ள டிஜிட்டல் தராசுகள், சிம் மூலம் ஸ்டோர் ஒபிசில் இருக்கும் லினக்ஸ் கணினிக்கு எடையை அனுப்புகின்றன. சேர்வர் புரோகிராமை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியிருக்கிறேன். ஒரு தராசுக்கு ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை). பத்து நிமிடம் எதுவும் வராவிட்டால் கண்காணிப்பு த்ரெட் ஒன்று அந்தத் தராசின் சொக்கெட்டை, அதாவது இணைப்பின் இந்தப் பக்கத்து முனையை, க்ளோஸ் செய்துவிடும். இதில் இரண்டு பிரச்சினை. சேர்வரை நிறுத்தினால் நிற்காமல் தொங்குகிறது. அதைவிட மோசம், எப்போதாவது கீழ்ப் பிரிவின் எடை மேல் பிரிவுக் கணக்கில் ஏறிவிடுகிறது. மியூடெக்ஸ் என்ற பூட்டைப் போட்டும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்? (ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு த்ரெட் படித்துக்கொண்டிருக்கும் சொக்கெட்டை இன்னொரு த்ரெட் மூடுகிறது. வேறு த்ரெட் பயன்படுத்தும் டிஸ்க்ரிப்டரை (சொக்கெட்டுக்கு லினக்ஸ் கொடுக்கும் எண்ணை) மூடுவது நல்லதல்ல என்று லினக்ஸின் க்ளோஸ் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கையை வாசித்தால் மட்டும் எடை ஏன் மாறிப்போகிறது என்று விளங்காது. நடப்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

மேல் பிரிவுத் தராசின் இணைப்புக்கு லினக்ஸ் 7 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். அந்தத் தராசுக்கான த்ரெட், 7இல் ரெசீவ் செய்து, அதாவது தரவைப் படிக்கக் கேட்டு, அது வரும்வரை காத்திருக்கிறது. பத்து நிமிடம் ஆனதும் கண்காணிப்பு த்ரெட் 7ஐ க்ளோஸ் செய்கிறது. எண் உடனே விடுபடும். ஆனால் இணைப்பு முடிவதில்லை. உள்ளே காத்திருக்கும் ரெசீவ் அந்தச் சொக்கெட்டை இன்னும் பிடித்திருக்கிறது. அதை யாரும் எழுப்பவும் இல்லை. இணைப்பு முடிந்த செய்தி தராசுக்கும் போகவில்லை. நிறுத்தும்போது சேர்வர் தொங்குவது இதனால்தான். த்ரெட் முடியட்டும் என்று ஜொயின் செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள், அந்த த்ரெட்டோ ரெசீவுக்குள்ளேயே கிடக்கிறது.

இதற்கிடையில் சிக்னல் விட்டுப் போன கீழ்ப் பிரிவுத் தராசு புதிதாக இணைகிறது. புது டிஸ்க்ரிப்டருக்குக் காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரம்) விதி. ஆகவே அதற்கு அதே 7 கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. லயத்தில் ஒரு குடும்பம் காலி செய்த காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்த பிறகும், பழைய ஆளைத் தேடி அதே கதவைத் தட்டுவது மாதிரிதான் இனி நடக்கப்போவது.

மேல் பிரிவுத் தராசு அடுத்த எடையை அனுப்புகிறது. தொங்கிக்கிடந்த ரெசீவ் அதைச் சரியாகவே வாங்கிப் பதிகிறது. அப்புறம் லூப் சுற்றி மறுபடி 7இல் ரெசீவ் செய்கிறது. ஆனால் 7 இப்போது கீழ்ப் பிரிவுக்குச் சொந்தம்! அங்கே அதற்குரிய த்ரெட்டும் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே சொக்கெட்டில் போட்டி போடுவதால் சில எடை இங்கே, சில எடை அங்கே. எப்போதாவது மட்டும் நடப்பதும், சோதித்தால் கையில் சிக்காததும் இதனால்தான். கணினிக்கு இது பிழையே இல்லை. எந்த அழைப்பும் தோற்கவில்லை. ஆனால் மடுவத்தில் கிலோ குறைந்த ஒருத்திக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்துவிடும். அதனால் இதைச் சின்னக் கோளாறு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

மியூடெக்ஸ் ஏன் உதவவில்லை? ரெசீவைச் சுற்றிப் போட்டால், காத்திருக்கும் த்ரெட் பூட்டையும் வைத்துக்கொண்டே தூங்கும். கண்காணிப்பு த்ரெட்டால் மூடவே முடியாது. க்ளோஸைச் சுற்றி மட்டும் போட்டால் ரெசீவுக்குக் காவல் இல்லை. மூடியதும், சொக்கெட் எண்ணை வைத்திருக்கும் மாறியை மைனஸ் ஒன்று ஆக்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. மாறியைப் படிப்பதற்கும் லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள் நுழைவதற்கும் நடுவில் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி இருக்கிறது. அது போதும் எண் கைமாற.

தீர்வு, நிறுத்துவதையும் மூடுவதையும் இரண்டு வேலைகளாகப் பிரிப்பதுதான். கண்காணிப்பு த்ரெட் க்ளோஸைத் தொடவே கூடாது. அது ஷட்டவுன் மட்டும் செய்யட்டும், வாசிப்பு எழுத்து இரண்டு பக்கமும் சேர்த்து. ஷட்டவுன் இணைப்பை முடிக்கும். ரெசீவில் தூங்கும் த்ரெட்டை எழுப்பிப் பூச்சியத்தைக் கொடுக்கும். ஆனால் 7 என்ற எண்ணை விடுவிக்காது. பூச்சியம் கண்ட த்ரெட் லூப்பை விட்டு வெளியே வந்து, தன் சொக்கெட்டைத் தானே க்ளோஸ் செய்யும். எந்த த்ரெட் படிக்கிறதோ அதுவே மூடும், ஒரே ஒரு தடவை மூடும்.

இங்கே ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கண்காணிப்பு த்ரெட் 7ஐ ஷட்டவுன் செய்யப் போகும் அதே கணத்தில் உரிய த்ரெட் 7ஐ மூடி, எண் வேறு தராசுக்குப் போயிருந்தால்? பாவம், புதிதாக வந்த இணைப்பு வெட்டுப்படும். மியூடெக்ஸுக்கு உரிய இடம் இதுதான். உயிரோடு இருக்கும் இணைப்புகளுக்கு ஓர் அட்டவணை வையுங்கள். கண்காணிப்பு த்ரெட் பூட்டைப் பிடித்து, அட்டவணையில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பூட்டை விடாமலே ஷட்டவுன் செய்யட்டும். உரிய த்ரெட், க்ளோஸுக்கு முன் அதே பூட்டைப் பிடித்து அட்டவணையிலிருந்து தன்னை எடுத்துவிட்டு, அப்புறம் மூடட்டும். ரெசீவைப் பூட்டுக்கு வெளியே வையுங்கள்.

சேர்வரை நிறுத்தும்போது புது இணைப்புக்காக அக்செப்டில் தூங்கும் த்ரெட்டையும் எழுப்ப வேண்டும். கேட்கும் சொக்கெட்டை ஷட்டவுன் செய்தால் லினக்ஸில் அக்செப்ட் பிழையோடு திரும்பும், ஆனால் மேக் கணினியில் அது வேலை செய்யாது. எனக்குப் பிடித்த வழி ஈவென்ட்எஃப்டி, எழுதினால் காத்திருக்கும் த்ரெட்டை எழுப்பும் ஒரு லினக்ஸ் டிஸ்க்ரிப்டர்: அதையும் கேட்கும் சொக்கெட்டையும் ‘போல்’ (poll) என்ற அழைப்பில் சேர்த்துக் காத்திருந்து, நிறுத்த வேண்டியபோது ஈவென்ட்எஃப்டியில் ஒன்று எழுதினால் போதும். ஒழுங்கு இப்படி: முதலில் புது இணைப்பு வாங்குவதை நிறுத்துங்கள், பிறகு எல்லாவற்றுக்கும் ஷட்டவுன், பிறகு ஜொயின்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எடை கிடைத்ததும் தராசுக்கு ஒரு பதில் அனுப்பி உடனே மூடும் இடம் ஏதும் உங்கள் புரோகிராமில் இருந்தால், அதையும் பாருங்கள். படிக்காத தரவு உள்ளே கிடக்கும்போது க்ளோஸ் செய்தால் லினக்ஸ் ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் செய்தி) அனுப்பும். அப்போது நீங்கள் அனுப்பிய பதில் தராசுக்குப் போய்ச் சேராமலே அழிந்துபோகலாம். தராசு அதே எடையைத் திரும்ப அனுப்பும், கணக்கில் இரண்டு தடவை ஏறும். எழுத்துப் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்து, பூச்சியம் வரும்வரை சில நொடிகள் படித்துவிட்டு, அதன் பிறகு மூடுவதே நல்லது.

ஆடி மாத மழையில் மின்சாரம் போனால் தராசு சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். முடிவுச் செய்தி வராது, ரெசீவ் காத்துக்கொண்டே இருக்கும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் இதற்குத்தான். ஆனால் லினக்ஸின் இயல்பு அளவுகளை நம்பாதீர்கள்: 7200 நொடி அமைதி, அதன்பின் 75 நொடி இடைவெளியில் 9 தடவை தட்டிப் பார்ப்பது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் கொழுந்தை எடை போட்டு, லொறியும் போய்விடும். முதல் அளவை ஓரிரு நிமிடமாகக் குறையுங்கள். பத்து நிமிடக் கண்காணிப்பும் இருக்கட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: க்ளோஸ் இடையூறு என்று பிழை சொன்னாலும் லினக்ஸில் திரும்ப அழைக்காதீர்கள், எண் ஏற்கெனவே விடுபட்டிருக்கும், இரண்டாவது அழைப்பு வேறு யாருடையதையோ மூடும். செத்த இணைப்பில் எழுதும்போது சிக்பைப் சிக்னல் முழு சேர்வரையும் கொல்லாமல், அதைப் புறக்கணிக்கச் செய்யுங்கள். ஜாவாவிலோ கோ (Go) மொழியிலோ எழுதியிருந்தால் இத்தனை பாடு இல்லை. அவற்றின் க்ளோஸ், காத்திருக்கும் த்ரெட்டைப் பிழையோடு எழுப்பிவிடும். பைத்தனில் ஷட்டவுன் தேவைதான்.

கோளாறு இதுதானா என்று உறுதி செய்ய, கெர்னல் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை எல்லா த்ரெட்டையும் தொடரும்படி ஓட்டி, க்ளோஸ், அக்செப்ட், ரெசீவ் மூன்றை மட்டும் பாருங்கள். ஒரே எண்ணுக்கு ஒரு த்ரெட் க்ளோஸ், அடுத்து அக்செப்ட் அதே எண், பிறகு பழைய த்ரெட் ரெசீவ் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். விரைவாகச் சிக்கவைக்கக் கண்காணிப்பு நேரத்தை மூன்று நொடியாகக் குறைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே மாறி ஏறிய எடைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தராசு தன் தொடர் எண்ணை ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பினால், இணைப்பை வைத்துப் பிரிவைத் தீர்மானிக்காமல் அந்த எண்ணை வைத்தே தீர்மானியுங்கள். அனுப்புவதில்லை என்றால், கண்காணிப்பு த்ரெட் ஒரு சொக்கெட்டை மூடிய நேரங்களைப் பதிவுக் கோப்பிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்தப் பிரிவில் ஏறிய எடைகளை மடுவத்துக் கணக்கப்பிள்ளையின் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். சம்பளம் போடும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.