வட்டி இறங்கியிருக்கும்போது வீட்டுக்கடனைக் கூடுதலாகக் கட்டலாமா? கேள்வி பதில்

நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். 2023-ல் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியபோது எல்லோரும் "எப்படிச் சமாளிப்பது" என்று கேட்டார்கள். இப்போது 2-க்குக் கீழேயே கடன் கிடைக்கிறது, கேள்வியும் மாறிவிட்டது.

செங்காங்கிலிருந்து: அண்ணே, வங்கிக் கடன், வட்டி 1.8 விழுக்காடு. போனஸோடு சேர்த்துக் கையில் 40,000 வெள்ளி இருக்கிறது. கட்டிவிடட்டுமா?

முதலில் லாக்-இன், அதாவது முன்கூட்டிக் கட்ட முடியாதபடி வங்கி கட்டிப்போடும் காலம், எப்போது முடிகிறது என்று பாருங்கள் தம்பி. அதற்குள் கட்டினால் பல வங்கிகள் கட்டும் தொகையில் 1.5 விழுக்காடு அபராதம் கேட்கும். 40,000-க்கு 600 வெள்ளி. லாக்-இன் இன்னும் 8 மாதம் இருந்தால், அதற்குள் மிச்சமாகும் வட்டி 480 வெள்ளிதான். பிறகு எதற்கு அவசரம்?

அதே தம்பி: லாக்-இன் போன மாதமே முடிந்துவிட்டது அண்ணே.

இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! சரி, அப்படியென்றால் வேறு கேள்வி. நாளைக்கே வேலை போனால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? வீட்டுக்குள் போட்ட பணம் சுலபமாக வெளியே வராது. தனியார் வீட்டுக்காரர்கள் வீட்டைக் காட்டி மறுபடி கடன் கேட்கலாம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அந்த வழி கிடையாது. விற்றால்தான் காசு. அதனால் ஆறு மாதச் செலவுக்கும் தவணைக்கும் தனியாக ரொக்கம் எடுத்து வையுங்கள். அதற்கு மேல் இருப்பதைக் கட்டலாம். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் அதுதான் முதல். வருடத்துக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போகும்போது 1.8-ஐப் பற்றி யோசிப்பது வீண்.

உட்லண்ட்ஸிலிருந்து: வீவக கடன், 2 லட்சம் பாக்கி, இன்னும் 20 வருடம். 20,000 கட்டினால் தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

வீவக கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை, நல்ல விஷயம். 2.6 விழுக்காட்டில் உங்கள் தவணை சுமார் 1,070 வெள்ளி. அதை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் இரண்டரை வருடம் முன்னதாகவே முடியும், வட்டியில் 12,500 வெள்ளி போல மிச்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 107 வெள்ளி இறங்கும், வட்டி மிச்சம் 5,600 சொச்சம்தான்.

பார்த்தவுடன் முதல் வழிதான் என்று தோன்றும். ஆனால் இரண்டாவதில் மாதாமாதம் 107 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கிறது அக்கா. அதைச் சேர்த்து வைத்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். சேர்த்து வைப்போமா என்பதுதான் சிக்கல். என் வீட்டில் அந்த 107 தேக்கா சந்தையிலேயே கரைந்துவிடும், அதனால் நான் காலத்தைத்தான் குறைத்தேன்.

சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டலாமா?

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி. வீவக கடன் 2.6. பத்தாயிரம் எடுத்துக் கட்டினால் வருடத்துக்கு மிச்சம் பத்து வெள்ளி. 55 வயதுக்குள் இருப்பவருக்கு, சாதாரணக் கணக்கின் முதல் 20,000-க்கு கூடுதலாக 1 விழுக்காடு கிடைக்கும். அதை எடுத்தால் நஷ்டம். வங்கிக் கடன் 1.8 என்றால் எடுப்பதில் அர்த்தமே இல்லை. வேலை இல்லாத மாதங்களில் தவணை கட்ட அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, வீட்டை விற்கும்போது எடுத்த தொகையையும் அதற்குரிய 2.5 விழுக்காடு வட்டியையும் சிபிஎஃபுக்குத் திருப்ப வேண்டும். "அரசாங்கம் பிடுங்கிக்கொள்கிறது" என்று கோபப்படுபவர்கள் உண்டு. அது உங்கள் கணக்குக்கே போகிறது. ஆனால் ரொக்கமாகக் கைக்கு வராது.

வட்டி குறைவு என்று வீவக கடனிலிருந்து வங்கிக்கு மாறலாமா?

மாறலாம். திரும்பி வர முடியாது. 2023-ல் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் வைப்புத்தொகைக்கு 7 விழுக்காடு தருகிறார்கள். அங்கே போட்டால் லாபம்தானே?

2015-ல் ஒரு வெள்ளிக்கு 50 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. 2025-ல் 60-ஐத் தாண்டிவிட்டது. வட்டியில் வந்ததில் ஒரு பெரும்பகுதி மாற்று விகிதத்தில் போய்விடும். ஊரில் செலவழிக்கப் போகும் பணமென்றால் போடுங்கள், இங்கே திருப்பிக் கொண்டுவரப் போகும் பணமென்றால் வேண்டாம்.

தோ பாயோவிலிருந்து: வயது 61. வங்கியில் 18,000 வெள்ளி பாக்கி. வட்டி குறைவு, மெதுவாகக் கட்டுங்கள் என்கிறான் மகன். எனக்குக் கடன் இருந்தால் தூக்கம் வராது.

மகன் கணக்கு சரிதான் ஐயா. ஆனால் 2 விழுக்காட்டில் அது வருடத்துக்கு 360 வெள்ளி, அதற்காக அப்பாவும் மகனும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். வேறு சேமிப்பு இருக்கிறதென்றால் அடைத்துவிடுங்கள். வங்கிக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், அடமானத்தை நீக்க வழக்கறிஞர் செலவும் வரும், எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அப்புறம், முடித்த மறுமாதம் ஜைரோ, அதாவது கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கும் ஏற்பாடு, நின்றுவிட்டதா என்று பாருங்கள்.