தினமும் போகாவிட்டால் மலச்சிக்கலா? கேள்வி பதில்

குடல் நோய்ப் பிரிவில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அது தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார்கள், வெட்கமே வேண்டாம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது. இது மலச்சிக்கலா?

பதில்: போகும்போது முக்க வேண்டியிருக்கிறதா? போய் வந்த பிறகும் பாதி உள்ளேயே நிற்பது போல இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் கவலையை விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் உண்டு. இரண்டும் இயல்புதான். நாள் கணக்கை விட மலம் எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். இதற்கென்றே பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 7 வகை. ஆட்டுப் புழுக்கை போலக் கொட்டை கொட்டையாக வந்தால் முதல் வகை, கட்டிகள் ஒட்டிய நீள உருளையாக வந்தால் இரண்டாவது. இந்த இரண்டும்தான் மலச்சிக்கல் பக்கம். மூன்றும் நான்கும் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

தினமும் போயே ஆகவேண்டும் என்று பேதி மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பெருங்குடலையே துடைத்துவிடும். மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியைப் பார்த்து "ஐயோ, மறுபடி கட்டிக்கொண்டது" என்று அடுத்த மாத்திரையைப் போடுவார்கள். நோயே இல்லாமல் வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: நார்ச்சத்து சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வாரமாகப் பழம், காய், இசப்கோல் என்று எல்லாம் சாப்பிட்டேன். வயிறு பலூன் மாதிரி உப்பியதுதான் மிச்சம்.

பதில்: ஒரேயடியாக ஏற்றிவிட்டீர்கள். நார்ச்சத்தைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கும், அதில் வாயு வரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை போதும். அந்த அளவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக ஏறுங்கள். இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே பசையாகி அடைக்கும். "நாலு லிட்டர் தண்ணீர் குடி, சரியாகிவிடும்" என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உடம்பில் நீர் வற்றியிருந்தால் உதவும், இல்லாவிட்டால் சிறுநீர்தான் கூடுதலாகப் போகும்.

கேள்வி: மலம் இளகலாகத்தான் இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் உட்கார்கிறேன். சில நாள் விரலை வைத்து அழுத்தினால்தான் வருகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: சொன்னது நல்லதாயிற்று. இந்த வகைக்கு நார்ச்சத்தும் மாத்திரையும் பெரிதாக எடுபடாது, ஏனென்றால் சரக்கில் கோளாறு இல்லை, கதவில்தான் கோளாறு. மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் போலப் பிடித்து மடக்கி வைத்திருக்கிறது. முக்கும்போது அது தளர வேண்டும். சிலருக்கு அந்த நேரம் பார்த்து இறுகிவிடும். நீங்கள் தள்ளுகிறீர்கள், அது இழுத்துப் பிடிக்கிறது. பயோஃபீட்பேக் என்ற பயிற்சியில் இந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பார்கள், பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. குடல் நோய் டாக்டரிடம் விரல் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நோயைப் பிடிக்க அந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி.

அதுவரை ஒன்று செய்யலாம். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு, முட்டி இடுப்பை விட உயர்ந்திருக்கும்படி முன்னால் சாய்ந்து உட்காருங்கள். அந்த மடக்கு கொஞ்சம் நேராகும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். போன் வெளியே இருக்கட்டும்.

கேள்வி: ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து கல் மாதிரி போகிறது. கறுப்பாகவும் இருக்கிறது.

பதில்: இரண்டுக்குமே காரணம் அந்த மாத்திரையாக இருக்கலாம். ஆனால் தார் போலப் பிசுபிசுவென்று கெட்ட நாற்றத்துடன் போனால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால்சியம், கோடீன் கலந்த இருமல் மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் குடலை மந்தப்படுத்தும். புதிதாக மலச்சிக்கல் வந்தால் முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்புறம் தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று பாருங்கள், அதுவும் மலச்சிக்கலைத் தரும்.

கேள்வி: என் நான்கு வயது மகன் காலைப் பின்னிக்கொண்டு மூலையில் போய் நிற்கிறான். முக்குகிறான், ஆனால் வரவில்லை.

பதில்: அவன் முக்கவில்லை அம்மா, அடக்குகிறான். ஒரு தடவை வலித்திருக்கும், அதனால் பயம். அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். திட்டாதீர்கள். டாக்டர் தரும் இளக்கி மருந்தை வலி மறக்கும் வரை, சில மாதம் ஆனாலும், கொடுங்கள். இரண்டு நாள் சரியானதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வாரம் போகவே இல்லை. இப்போது நான்கு நாளாகத் தண்ணீராகப் போகிறது. பேதியை நிறுத்த மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்! இதே மாதிரி ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். வீட்டில் மூன்று நாள் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வயிறு தொட்டால் கட்டியாக இருந்தது, டயப்பரில் பழுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் கையுறை போட்டு ஒரு விரல் விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மலக்குடல் முழுக்க இறுகிய கட்டி. அதன் ஓரமாக மேலே இருந்த தண்ணீர் வழிந்து வருவதைத்தான் பேதி என்று நினைத்திருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்படி இருக்கலாம், இன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: பேதி மாத்திரை பழகிவிட்டால் குடல் செத்துவிடுமா?

பதில்: அப்படி எல்லாம் சாகாது. லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் இரண்டும் குடலில் நீரைத் தக்க வைப்பவை. லாக்டுலோஸ் வேலை செய்ய ஓரிரு நாள் ஆகும், வாயு கொஞ்சம் வரும். சென்னா, பிசாகோடைல் குடலைத் தூண்டுபவை, இரவில் போட்டால் காலையில் வரும். சென்னா நீண்ட நாள் போட்டால் குடலின் உள்சுவர் கறுக்கும், விட்டால் மெல்ல மறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மெக்னீசியம் கலந்த மருந்தைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதை ஒட்டித் திடீரென்று மாறிய பழக்கம், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் என்றால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

கேள்வி: குடலில் வருடக்கணக்காக ஒட்டிய பழைய மலத்தை எடுக்கக் குடல் சுத்தம் செய்யலாமா?

பதில்: அப்படி எதுவும் ஒட்டியிருப்பதில்லை. குடலின் உள்தோலே சில நாளுக்கு ஒரு தடவை உரிந்து புதிதாகிறது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் காபி குடித்தால்தான் எனக்கு வருகிறது. கெட்ட பழக்கமா?

பதில்: இல்லையே. காபி பலருக்குப் பெருங்குடலைத் தட்டி எழுப்பும், காஃபின் நீக்கிய காபிகூட ஓரளவு. குடித்துவிட்டு, உந்துதல் வந்ததும் எழுந்து போங்கள், அவ்வளவுதான்.