கல்வெட்டில் 'நாட்டோம்' என்று சொல்பவர்கள் யார்?

கேள்வி: வரலாற்று நூல்களில் வரும் நாடு, அரசு, ஜனநாயகம் போன்ற சொற்களுக்கு அன்றும் இன்றும் ஒரே பொருள்தானா?

இல்லை. நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரோடு கோயில் சுவர்களில் கல்வெட்டு வாசிக்கப் போகிறவன், அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் நன்றாக அடிபட்ட அனுபவம் உண்டு. அதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தபோது, அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டை எளிய தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். தலவரலாற்றுப் புத்தகத்தில் போட வேண்டுமாம். கல்வெட்டில் 'நாட்டோம்' என்று இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. 'இந்நாட்டு மக்களாகிய நாங்கள் அனைவரும்' என்று எழுதிவிட்டேன். எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அந்த வரியைப் பென்சிலால் சுழித்தார்.

"தம்பி, இந்த நாட்டைச் சைக்கிளில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம், தெரியுமா?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' என்பது பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சில சேர்ந்த வட்டாரம். ஒரு வாய்க்காலையோ ஏரியையோ நம்பிப் பயிர் செய்யும் ஊர்கள். சோழமண்டலத்துக்குள் மட்டும் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இருந்தன. சில இடங்களில் அதற்கே 'கூற்றம்' என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் இருக்கும் புகழ்பெற்ற வரி 'பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்' என்றுதான் இடத்தைச் சொல்கிறது. இப்போது நாம் மாவட்டம், வட்டம், ஊர் என்று எழுதுவதைப் போல. இதில் 'கூற்றம்' பழைய வட்டாரம், அதன் பெயரே ஊரிலிருந்து வந்தது. 'வளநாடு' என்பதோ ராஜராஜன் பல நாடுகளைச் சேர்த்துப் புதிதாக ஏற்படுத்திய பிரிவு. 'பாண்டிய குலாசனி', அதாவது பாண்டியர் குலத்துக்கு இடி, என்பது அவனுடைய பட்டப்பெயர். ஒரே வரியில் கீழே மண்ணிலிருந்து முளைத்த பெயர் ஒன்றும், மேலிருந்து ஒட்டிய பெயர் ஒன்றும்.

அதே வரியில் சற்றுத் தள்ளி, 'அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று வரும். அரசிகளை 'பெண்டுகள்' என்று அரசனே சொல்கிறான். இன்று ஒரு மேடையில் அமைச்சரின் மனைவியை அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

சரி, நாட்டுக்கு வருவோம். 'நாட்டோம்' என்பதில் அளவை விடப் பெரிய சிக்கல் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. ஊரோம், நகரத்தோம், சபையோம் என்பதைப் போல இது தன்மைப் பன்மை. 'நாடாகிய நாங்கள்' என்று பொருள். அதாவது அந்த நாடு வரைபடத்தில் இருக்கிற நிலம் மட்டுமல்ல. கூடிப் பேசும், முடிவெடுக்கும், வரி விலக்குக் கொடுக்கும், அதைக் கல்லில் வெட்டியும் வைக்கும். ஆனால் அங்கே வாழ்ந்த அத்தனை பேரும் அந்த 'ஓம்' விகுதிக்குள் இல்லை. நிலம் வைத்திருந்த வேளாண் தலைக்கட்டுகளே நாட்டார். வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அதில் இடமில்லை. நான் எழுதிய 'மக்கள் அனைவரும்' என்பதில் இருந்த தப்பு இதுதான். இன்றைய அரசியல் சட்டத்தின் முகப்பில் வரும் 'நாம்' என்ற நினைப்பை எடுத்துப்போய், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நிலக்கிழார்கள் வாயில் வைத்துவிட்டேன்.

இன்னும் பின்னால் போனால் சொல்லின் வேர் தெரியும். புறநானூற்றில் ஔவையார் 'நாடா கொன்றோ காடா கொன்றோ' என்கிறார். பட்டினப்பாலை கரிகாலனை 'காடு கொன்று நாடாக்கி' என்று புகழ்கிறது. அங்கே நாட்டுக்கு எதிர்ச்சொல் வெளிநாடு அல்ல, காடு. உழுது விதைத்த நிலமே நாடு.

பழைய பொருள்கள் செத்தும் போய்விடவில்லை. ஒரத்தநாடு, பாப்பாநாடு என்று தஞ்சைப் பக்கம் பேருந்துப் பலகையிலேயே இருக்கின்றன. என்னோடு ஓர் அறையில் தங்கியிருந்த மலையாளி நண்பர் ஓணத்துக்குக் கிளம்பும்போது 'ஞான் நாட்டில் போகுன்னு' என்பார். நாம் 'ஊருக்குப் போறேன்' என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். நாட்டுக்கோழி, நாட்டு மருந்து என்னும்போது நாமும் நம் ஊர்ச்சரக்கு என்ற பொருளில்தான் சொல்கிறோம். அதே வாயால் 'நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்' என்கிறோம், மாநிலத்தின் பெயரையும் 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்று எழுதுகிறோம்.

இதுவரை சொன்னது ஆவணத்தில் உள்ள சொல்லின் கதை. கேள்வியின் அடுத்த பாதிதான் எனக்குச் சுவாரசியமானது. வரலாற்றாசிரியர் தன் கையிலிருந்து போடுகிற சொல்லும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் வகையை அகராதி பார்த்துப் பிடித்துவிடலாம். இரண்டாவது வகையைப் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் நமக்கும் அதே சொல் பழகியிருக்கும்.

உதாரணத்துக்கு 'குடியரசு'. 1830இல் சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்தியக் கிராமங்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடியரசு என்று எழுதினார். தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், வெளியுலகை அதிகம் நம்பாத ஊர்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வாக்குரிமை, சமத்துவம் எதுவும் அதில் இல்லை. பின்னால் தேசிய இயக்கத்தின் காலத்தில் அதே சொல்லுக்கு 'எங்களுக்கு அன்றே மக்களாட்சி தெரியும்' என்ற பொருள் ஏறிவிட்டது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் அந்தப் பகுதியையே எடுத்துக்காட்டி, இந்தக் கிராமக் குடியரசுகளால் நாடு நாசமானதுதான் மிச்சம் என்று போட்டு உடைத்தார். ஒரே மேற்கோள்தான், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு ஆயுதம்.

உத்தரமேரூர்க் குடவோலையைப் 'பழந்தமிழர் ஜனநாயகம்' என்று பகிர்பவர்களிடம் நான் இப்போது சண்டை போடுவதில்லை, கல்வெட்டை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்வேன். பராந்தகன் காலத்தது. 919, 921 என்று இரண்டு ஆண்டுகளில் வெட்டியது. முப்பது குடும்புகளிலும், அதாவது ஊரின் பிரிவுகளிலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் சேர்க்கவில்லை. இதெல்லாம் அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பிராமணர்களின் சபை. கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70க்குள் வயது. பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இதற்கு 'ஜனநாயகம்' என்ற சொல் சற்றுத் தொளதொள சட்டைதான்.

'அரசு' என்ற சொல்லின் கதையும் இதுவே. 1930களில் நீலகண்ட சாஸ்திரி எழுதிய சோழர் வரலாற்றில் ஒழுங்கான அதிகாரிகள் அமைப்பைக் கொண்ட வலுவான பேரரசு தெரிகிறது. 1980இல் பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்கர், அப்படியெல்லாம் இல்லை, நாடுகள்தான் உண்மையான அதிகார அலகுகள், மன்னனுக்குத் தன் மையப்பகுதிக்கு வெளியே பெரும்பாலும் சடங்குத் தலைமைதான் என்றார். அதற்கு அவர் கடன் வாங்கிய கருத்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களை ஆராய்ந்த மானிடவியலாளர் எய்டன் சவுத்தாலுடையது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்வெட்டுகளை எண்ணிக்கை போட்டுப் பார்த்து, அதிகாரிகளும் வரிவசூலும் இத்தனை இருக்கும்போது வெறும் சடங்குத் தலைமை என்று சொல்ல முடியாது என்று பதில் கொடுத்தார்கள். என் சாய்வு இவர்கள் பக்கம். ஆனாலும் ஸ்டைன் கிளப்பிவிட்டிராவிட்டால் 'அரசு என்றால் இங்கே என்ன பொருள்' என்று இவ்வளவு பேர் உட்கார்ந்து யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அப்படியானால் அந்தந்தக் காலத்துச் சொல்லையே எழுதிவிட்டால் தீர்ந்ததா? இதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். 1939இல் ஓட்டோ புருன்னர் என்ற ஆஸ்திரியர், இடைக்கால ஆஸ்திரியாவை எழுத 'அரசு' என்ற நவீனச் சொல் உதவாது, 'லான்ட்' என்ற பழைய சொல்லையே அதன் பழைய பொருளில் எடுக்க வேண்டும் என்று வாதிட்டார். லான்ட் என்றாலும் நாடுதான். ஒரே வட்டார வழக்குச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட, நிலம் உடையவர்களின் கூட்டம். நம் நாட்டோமுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இல்லை? ஆனால் வேடிக்கை என்னவென்றால், மனிதர் நாஜிகளின் பக்கம் சாய்ந்தவர். தன் ஆய்வுமுறைக்கு அப்போது 'ஃபோல்க்' வரலாறு, அதாவது இன வாடை அடிக்கும் மக்கள் வரலாறு, என்று பெயரிட்டிருந்தார். போர் முடிந்து வந்த திருத்தப் பதிப்பில் அதைச் சத்தமில்லாமல் 'அமைப்பு வரலாறு' என்று மாற்றிவிட்டார். அடுத்தவர் சொல்லில் காலத்தின் கறையைக் காட்டியவரின் சட்டையிலும் அதே கறை. பிற்பாடு ராய்ன்ஹார்ட் கோசெலெக், வெர்னர் கோன்ட்ஸே இருவரோடும் சேர்ந்து, அரசியல், சமூகச் சொற்கள் ஜெர்மன் மொழியில் எப்படிப் பொருள் மாறின என்று காட்டும் பெரிய கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியராக இருந்தவரும் இதே புருன்னர்தான். 1972இல் தொடங்கிய அந்த வேலை முடிய 1997 ஆனது.

என் புத்தகத்துக்கு வருகிறேன். ஆசிரியர் சொன்னபடி 'நாட்டோம்' என்பதை அப்படியே விட்டு, கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி விளக்கம் போட்டேன். குடமுழுக்கு அன்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நாட்டாமைன்னு வர வேண்டியது, அச்சுல விட்டுப்போச்சு பாரு" என்றார்.

யோசித்துப் பார்த்தால், அவர் ரொம்பத் தூரம் போய்விடவில்லை.